தகரப் படகின் சரித்திரம்

அடுத்த வீட்டுப் பையன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். மெழுகுவர்த்திச் சூட்டினால் மட்டுமே ஓடக்கூடிய சிறு படகு செய்ய வேண்டும் என்று அங்கே ஒரு போட்டி. பையன் உருளை, தண்டு, சக்கரம் எல்லாம் வைத்து ஒரு யந்திரம் செய்தான். தொட்டியில் விட்டதும் படகு கம்பீரமாக ஓரடி சென்றது. பிறகு இன்னும் கம்பீரமாக மூழ்கிப் போயிற்று!

"மாமா, இதைவிட லேசான யந்திரம் உலகத்தில் உண்டா?" என்றான்.

"திருவிழாக் கடையில் பார்த்ததில்லையா?" என்றேன்.

நேயர்களும் பார்த்திருப்பீர்கள். அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் 'பட் பட்' என்று வட்டமடிக்குமே, அந்தத் தகரப் படகுதான்! அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1807-ல் ராபர்ட் புல்டன் என்ற அமெரிக்கர், நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு 150 மைல் தூரத்தை நீராவிப் படகில் 32 மணி நேரத்தில் கடந்தார். உலகம் அவரைக் கொண்டாடியது. 1891-ல் தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர், ஒரு பொம்மைப் படகுக்காக பிரிட்டனில் காப்புரிமை கோரினார். அவரை யார் கொண்டாடினார்கள்? ஒரு சின்னக் கொதிகலம், பின்பக்கம் தண்ணீருக்குள் நீளும் இரண்டு குழாய்கள். அவ்வளவுதான் அவருடைய யந்திரம். பிற்பாடு, 1916-ல், சார்லஸ் மக்ஹியூ என்ற அமெரிக்கர் மெல்லிய தகடு பொருத்திய கொதிகலத்துக்குக் காப்புரிமை பெற்றார். 'பட் பட்' சப்தம் அந்தத் தகட்டின் கைங்கரியம்.

சூட்டில் எழும் ஆவி, குழாயிலுள்ள நீரை வெளியே தள்ளுகிறது. ஆவி குளிர்ந்து சுருங்கியதும் நீர் மறுபடி உள்ளே வருகிறது.

"போன நீர் திரும்பி வந்தால், படகு நின்ற இடத்திலேயே அல்லவா ஆட வேண்டும்?" என்று பையன் மடக்கினான்.

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, "ஊதி அணை" என்றேன். அணைத்தான். மறுபடி ஏற்றி, "இப்போது மூச்சை உள்ளே இழுத்து அணை, பார்க்கலாம்!" என்றேன். முடியவில்லை. ஊதும் காற்று ஒரே திசையில் பாய்கிறது; இழுக்கும் காற்றோ நாலா பக்கத்திலிருந்தும் வருகிறது. நீரும் அப்படித்தான். பையனின் முகம் மலர்ந்தது.

செப்புக் குழாயைச் சுடருக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, நீர் நிரப்பி, இரு நுனிகளையும் பின்னால் தண்ணீருக்குள் விட்டான். படகு ஓடியது. முதல் பரிசு வேறொருவனுக்குப் போயிற்று; பையனுக்கு அதில் வருத்தமில்லை. தன் படகு ஏன் ஓடுகிறது என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

புல்டனின் படகு என்றோ மறைந்தது. பெரிய நீராவிக் கப்பல்களின் காலமும் போய்விட்டது. பியோவின் படகு மட்டும் இன்னும் குழந்தைகளுக்கு முன்னால் வட்டமடித்துக்கொண்டிருக்கிறது.