சோகிக் கணக்கும் பேராசிரியர் நொய்கெபவரும்

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் வேறொன்று. எதைக் கொள்வது என்று பெரியோர் வாதிடக் கேட்டிருக்கிறோம். அவ்வாக்கிய முறைக்கு உலகக் கணித வரலாற்றில் இடம் தேடித் தந்த அறிஞரையோ நம்மவருட் பலர் அறியார்.

ஒற்றோ நொய்கெபவர் 1899இல் ஒஸ்திரியாவிற் பிறந்தவர். அவரைக் கணிதராக்கியது ஜெர்மனியின் கெற்றிங்கன் பல்கலைக்கழகம். 1933இல் ஹிட்லர் ஆட்சி வந்ததும், அங்கே கணித நிலையத் தலைவராயிருந்த கூரான்ற் யூதர் என்பதால் விலக்கப்பட, அப்பதவி நொய்கெபவரிடம் வந்தது. புதிய அரசுக்கு விசுவாசம் கூறும் பத்திரத்திற் கையொப்பமிட அவர் மறுத்தார். ஒரே நாளிற் பதவியை விட்டார். கொப்பன்கேகன் சென்று, பின் 1939இல் அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்தை அடைந்தார். பபிலோனியர் வானத்தை எண்வரிசைகளாலேயே கணித்தனர் என்பதைக் களிமண் ஏடுகளிலிருந்து விளக்கியது அவரது பெரும்பணி.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். சென்னை வானாய்வு நிலையத்தை ஒருகாலம் நடத்திய யோன் வாறன், அங்கே தமிழ்க் கணிதர் ஒருவரைக் கண்டார். அவர் தரையிற் சோகிகளை வைத்து, மனனம் செய்த வாக்கியங்களைக்கொண்டு, 1825 மே 31 இரவு நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. பிழை பெரிதென்பீரோ? அவர் கையில் இருந்தவை சோகிகள் மாத்திரமே!

வாக்கியத்தில் எழுத்தே எண்ணாகும். 'தேவர' என்பதில் வடமொழித் தகரம் 8, வகரம் 4, ரகரம் 2. பின்னிருந்து படித்தால் 248. சந்திரன் தன் வேகம் கூடிக் குறையும் சுற்றை 9 முறை முடிக்கும் நாட்கள் அவை. 'காலாநல' என்பது அவ்வாறே 3031 நாள், 110 சுற்று. இத்துணைச் சுருக்கமாக எண்ணைக் காத்த வித்தை வேறெங்குண்டு!

கணிதருக்கு வானியற் கோட்பாடு ஒரு சொல்லும் தெரியாதென்று வாறன் எழுதினார். நொய்கெபவர் 1952இல் வெளியிட்ட 'தமிழ் வானியல்' என்னும் கட்டுரையில் அச்செய்தி வேறு பெறுமதி பெற்றது. கோட்பாடு கொண்டு திருத்தாமல் ஆசான் சொன்னபடியே காத்தமையால் பழைய முறை சிதையாது வந்ததன்றோ! 248 நாட் சுற்று பபிலோனியரிடமும் உண்டு; எகிப்திற் கிடைத்த கிரேக்க ஏடொன்றில் 3031உம் உண்டு.

எல்லாம் நம்மிடத்தே தோன்றியது என்பாருக்கு இது கசக்கலாம். எமக்குக் கசக்கவில்லை. பபிலோனில் அக்கணக்கு மண்ணுள் மறைந்து கிடந்தது; புதுச்சேரியில் மனிதர் நாவில் வாழ்ந்தது.

நொய்கெபவர் 1990இற் காலமானார். அம்முறையின் மூலநூலாகிய 'வாக்கிய கரணம்' 1962இற் சென்னையில் அச்சேறியது. நம் கரவெட்டி வீடுகளிலும் கணித ஏடுகள் கிடப்பின், அவற்றை எமது இளைஞருக்குக் காட்டியுதவுமாறு பெரியோரை வேண்டுகிறோம்.