கள்ளத்தோணியும் ஆள்மாறாட்டமும்

மலையகத்தில் வளர்ந்த எங்களுக்கு எல்லை என்றதும் கடலோ முள்வேலியோ ஞாபகம் வராது. காகிதம்தான் வரும். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்தவர்களின் பரம்பரை நாங்கள். அவர்கள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவே கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ வேண்டியிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம், அப்பா இங்கே பிறந்ததற்குப் பத்திரம் கேட்டது. லயத்தில் பிறந்த பலரிடம் அப்படியொன்று இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு வைத்த பேர் ‘கள்ளத்தோணி’. நீ இங்கே இருப்பதே மோசடி என்று அர்த்தம்.

திருநங்கைகள், திருநம்பிகள்மேல் சுமத்தும் இதே குற்றச்சாட்டுக்கு இன்னொரு பேர் இருக்கு: ஆள்மாறாட்டம். 1883இன் தண்டனைச் சட்டக்கோவையில் 399ஆம் பிரிவு, வேறொருவராக நடித்து ஏமாற்றுவதைப் பற்றியது. திருநரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அவர்களை மிரட்ட பொலிசுக்கு அது உதவியிருக்கிறது.

விமான நிலையத்தில் இது இன்னும் கூர்மையாகும். கடவுச்சீட்டில் ‘ஆண்’ என்றிருக்கும், கவுண்டரில் நிற்பது சேலை கட்டிய ஒருத்தி. ‘இது நீயா?’ என்று கேட்டு ஓரமாக நிறுத்துவார்கள். அடுத்தது உடல் சோதனை: ஆண்கள் பக்கமா, பெண்கள் பக்கமா? சில இடங்களில் ஸ்கேனர் இயந்திரத்துக்கே ஆணா பெண்ணா என்று முதலில் சொல்ல வேணும். அந்தத் தெரிவுக்குப் பொருந்தாத உடம்பை அது சந்தேகப் பொருளாகக் காட்டும்.

இலங்கையில் 2016இலிருந்து பாலின அங்கீகாரச் சான்றிதழ் இருக்கு. மனநல மருத்துவ நிபுணர் அதைக் கொடுக்க வேண்டும். பிறகு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு என்று ஒவ்வொன்றாக மாற்றலாம். நல்ல விஷயம்தான். ஆனால் வலப்பனையிலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பஸ் ஏறும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பேர் போகும், சம்பளம் போகும். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்களில் கடிதம் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வரும். அந்தரங்கமான கடிதம் எத்தனை கை மாறி வரும் என்று யோசிச்சுப் பாருங்க.

அந்தச் சான்றிதழும் ஆண், பெண் என்ற இரண்டுக்குள்தான் நிற்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் கடவுச்சீட்டில் ‘எக்ஸ்’ என்று போட இடம் தருகின்றன. நேபாளம் 2015இலேயே மூன்றாம் பாலினக் கடவுச்சீட்டு கொடுத்தது. இங்கே முடியாது என்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை.

எங்கள் தாத்தா பாட்டிகள் தாங்கள் யாரென்று நிரூபிக்கப் பத்திரம் தேடி அலைந்தார்கள். 2003இல் சட்டம் வந்துதான் மிச்சமிருந்தவர்களின் அலைச்சல் முடிந்தது. அந்த வரலாற்றைப் படிக்கிற நாம், இன்னொருவரைப் பார்த்து ‘இது நீயா?’ என்று கேட்கும் கூட்டத்தில் நிற்கக்கூடாது. உங்க லயத்தில் யாராவது ஜீ.எஸ். ஆபீசுக்கோ கடவுச்சீட்டு எடுக்கவோ போனால், கூடப் போங்க. பழைய பேரைக் கேட்காதீங்க.