பொதுக்கொள்கை ஆய்வுப் பயிற்சி: நாடாளுமன்றம் முதல் மாவட்டம் வரை மாணவர்களுக்கான வாய்ப்புகள்

நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா அறிமுகமானால், அதைப் படித்து, விளைவுகளை எடைபோட்டு, ஆதரிப்பதா, திருத்தம் கோருவதா என்று முடிவெடுக்க உறுப்பினருக்குப் பல வேளைகளில் சில நாள்களே கிடைக்கின்றன. மக்களவையில் 543 இடங்களும் மாநிலங்களவையில் 245 இடங்களும் உள்ளன. நாடாளுமன்ற நூலகம் கேட்பவர்களுக்குத் தகவல் திரட்டித் தருகிறதே தவிர, ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனி ஆய்வாளர் நியமிக்கப்படுவதில்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உறுப்பினரின் மாதாந்திர அலுவலகச் செலவுப்படியான 60,000 ரூபாயில் 40,000 ரூபாய் உதவியாளர் ஊதியத்துக்கானது. பின்னர் இத்தொகை உயர்த்தப்பட்டது. எனினும், கடிதங்களையும் தொகுதி மக்களின் மனுக்களையும் கவனிக்கும் உதவியாளரே மசோதாவையும் ஆராய்வது எளிதன்று.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும் வகையில், இளைஞர்களை வழிகாட்டியின் மேற்பார்வையில் கொள்கை ஆய்வில் ஈடுபடுத்தும் திட்டங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருகியுள்ளன.

உறுப்பினருடன் ஓராண்டு

இவற்றுள் பரவலாக அறியப்பட்டது 'லேம்ப்' திட்டம். 2005ஆம் ஆண்டு முதல் டெல்லியில் இயங்கிவரும் பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு அமைப்பு, 2010ஆம் ஆண்டு இதைத் தொடங்கியது. எந்தத் துறையிலும் பட்டம் பெற்ற, 25 வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள் இதற்குத் தேர்வு செய்யப்படுகின்றனர். தொடக்கப் பயிற்சிக்குப் பின், ஒவ்வொருவரும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருடன் மழைக்காலக் கூட்டத்தொடர் முதல் நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடர் முடியும் வரை பணியாற்றுகின்றனர். கேள்விகளை வரைதல், விவாதத்துக்குக் குறிப்பு எழுதுதல், நிலைக்குழு அறிக்கைகளைப் படித்துச் சுருக்குதல், தனிநபர் மசோதாவுக்கான பின்னணி ஆய்வு ஆகியவை அவர்களின் அன்றாடப் பணிகள்.

பயிற்சியாளர்கள் பல்வேறு கட்சிகளைச் சேர்ந்த உறுப்பினர்களிடம் அனுப்பப்படுகின்றனர். எனவே, தமக்கு உடன்பாடில்லாத ஒரு நிலைப்பாட்டுக்கும் சான்றுகளைத் திரட்ட நேரலாம். மேலிடத்தில் இருப்பவருக்கு விருப்பமில்லாத புள்ளிவிவரத்தை மறைக்காமல் முன்வைக்கவும் நேரலாம். இத்தகைய திட்டங்கள் தரும் தலைமைப் பண்புப் பயிற்சி மேடைப் பேச்சில் அன்றி, இவ்வாறான தருணங்களிலேயே அமைகிறது.

குறையிலிருந்து கேள்விக்கு

கொள்கை ஆய்வு என்பது என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'பட்டியலின மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை தாமதமாகிறது' என்பது ஒரு குறை. மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டத்தில், 2020-21 முதல் பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் ஏற்கின்றன. மாநிலத்தின் பங்கு விடுவிக்கப்பட்ட பின்னரே மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படும். இதை அறிந்த ஆய்வாளர், 'ஏன் தாமதம்' என்று பொதுவாகக் கேட்பதில்லை. எந்த மாநிலம் எந்தத் தேதியில் தன் பங்கை விடுவித்தது, அதன்பின் மத்தியப் பங்கு எத்தனை நாளில் சென்றது, எத்தனை விண்ணப்பங்கள் கல்லூரி அளவிலேயே சரிபார்ப்புக்குக் காத்திருக்கின்றன என்று பிரித்துக் கேட்கிறார். குறையின் வேர் எந்த அலுவலகத்தில் உள்ளது என்பது அப்போது தெரியவரும்.

மக்களவை விதிகளின்படி ஒரு கேள்வி 150 சொற்களுக்கு மிகாமலும், வாதமோ குற்றச்சாட்டோ இல்லாமலும் அமைய வேண்டும். ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 நட்சத்திரக் குறியிடாத கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. முதல் வகைக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதிலளிப்பார். துணைக் கேள்விகளும் எழுப்பலாம். இரண்டாம் வகைக்கு எழுத்து வடிவில் பதில் கிடைக்கும். சரியாக வரையப்பட்ட ஒரு கேள்வி, அரசின் கோப்பில் உள்ள தகவலை எவரும் படிக்கக்கூடிய பொது ஆவணமாக்குகிறது.

தனிநபர் மசோதாக்களில், விடுதலைக்குப் பின் சட்டமானவை 14 மட்டுமே. கடைசி மசோதா 1970இல் நிறைவேறியது. எனினும் அந்த உழைப்பு வீண் அல்ல. திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை என்றாலும், அரசு தன் சார்பில் ஒரு மசோதாவைக் கொண்டுவரும் நிலை உருவானது.

மாவட்ட நிர்வாகத்தில்

மத்தியத் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் மகாத்மா காந்தி தேசிய ஆய்வுதவித் திட்டம் வகுப்பறையையும் களத்தையும் இணைத்தது. பெங்களூரு ஐஐஎம் நடத்திய முதல் கட்டத்தில் 69 பேர் 69 மாவட்டங்களில் பணியாற்றினர். 2021 அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் கட்டம் 9 ஐஐஎம்களின் வழியாக நாடு முழுவதும் விரிவடைந்தது. முதலாண்டில் மாதம் 50,000 ரூபாயும் இரண்டாம் ஆண்டில் 60,000 ரூபாயும் வழங்கப்பட்டன. தமிழ்நாட்டில் 2022இல் அறிமுகமான முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும் இரண்டாண்டுகளுக்கானது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் அதன் கல்விப் பங்காளி.

கல்லூரியில் படிக்கும்போதே

மேற்கண்டவை பட்டதாரிகளுக்கானவை. படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு நிதி ஆயோக்கின் உள்ளகப் பயிற்சி உள்ளது. இது 6 வாரம் முதல் 6 மாதம் வரை நீடிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் பேராசிரியரின் வழிகாட்டலில் ஆய்வுத் திட்டத்தை மேற்கொள்ளலாம். அதற்கு 12 மதிப்பலகுகள் உண்டு. உள்ளூர் நீர் விநியோகம், அரசுப் பேருந்துச் சேவை, ரேஷன் கடை போன்றவற்றையும் இந்த ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொள்ள இயலும்.

யாருக்குத் திறக்கும் கதவு

நிதி ஆயோக் பயிற்சிக்கு ஊதியம் இல்லை. டெல்லியில் வாடகையும் உணவும் சொந்தச் செலவில் என்றால், உறவினர் வீடோ வசதியான பெற்றோரோ இல்லாத மாணவர் விண்ணப்பிக்கவே தயங்குவார். ஆங்கிலத்தில் மட்டும் கட்டுரை கேட்கும் தேர்வுமுறையும் இதே வடிகட்டலைச் செய்கிறது. உதவித்தொகை தாமதமாவதன் துன்பத்தை நேரில் அறிந்தவர் அதைப் பற்றிய கேள்வியை வரையும் மேசைக்கு வராமலே போவது, அந்த மாணவருக்கு மட்டுமன்றிக் கொள்கைக்கும் இழப்பு.

தேர்வுமுறை தெளிவாக இல்லாவிட்டால் பணியும் நிலைக்காது. டெல்லி அரசு அமர்த்தியிருந்த ஆய்வுதவியாளர்கள், ஆலோசகர்கள் உள்ளிட்ட சுமார் 400 பேரின் பணி 2023 ஜூலையில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. நியமனத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை, இடஒதுக்கீடு பின்பற்றப்படவில்லை என்று துணைநிலை ஆளுநர் தரப்பு கூறியது. மாநில அரசு இந்த முடிவைக் கடுமையாக எதிர்த்தது. அரசியல் மோதலின் நடுவே வேலை இழந்தவர்கள் இளைஞர்களே.

விண்ணப்பிக்கும் முன்

ஒரு திட்டத்தில் சேரும் முன் மாணவர்கள் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. வழிகாட்டி யார், வாரத்துக்கு எத்தனை முறை அவர் வரைவைப் படித்துத் திருத்துவார்? எழுதிய குறிப்பு யாரிடம் போகும்? உதவித்தொகை எவ்வளவு, எப்போது கிடைக்கும்? பயிற்சிக் கட்டணம் வசூலிக்கப்படுகிறதா? தேர்வு விதிகள் பொதுவெளியில் உள்ளனவா? சான்றிதழை மட்டும் முன்னிறுத்தி, முதல் இரு கேள்விகளுக்குப் பதில் தராத திட்டத்தில் கற்க அதிகம் இராது.

இடம் கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. 2014ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கொள்கையின்படி, மத்திய அமைச்சகங்கள் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட வேண்டும். எல்லா வரைவுகளுக்கும் இது பின்பற்றப்படுவதில்லை. வெளியாகும் வரைவு ஒன்றை எடுத்து, ஓர் ஆசிரியரின் துணையுடன் பிரிவு பிரிவாகப் படித்து, சான்றுகளுடன் இரண்டு பக்கக் கருத்தை அமைச்சகத்துக்கு அனுப்ப எந்தக் கல்லூரி மாணவருக்கும் தடையில்லை. அதற்கு நுழைவுத் தேர்வும் இல்லை, டெல்லி வாடகையும் இல்லை.