கடல் காணாத ஊரும் படகின் சாளரமும்



பாலோ கடலைக் காணாத ஊர். ஜொகூர் மாநிலத்தின் உட்பகுதியில், லாபிசுக்கும் குளுவாங்குக்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டி அமைந்திருக்கிறது. பாய்மரப் படகைப் பார்க்க விரும்பும் எங்கள் ஊர்ப் பிள்ளை கிழக்கே மெர்சிங் வரை போக வேண்டும். ஆயினும் பழைய பாய்மரப் படகு ஒன்றின் சாளரக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு விரல் அகல இரப்பர்ப் பட்டைக்கும் எங்கள் ஊர் போன்ற ஊர்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இணைப்பில் நுழையும் நீர்

படகு கட்டுவோர் எக்காலத்தும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே. பலகை நீரைத் தடுக்கும். பலகையும் பலகையும் சேரும் இடம் தடுக்காது. எனவே அந்த இடுக்கில் எதை வைத்து அடைப்பது என்பதே கேள்வி.

1926ஆம் ஆண்டு பகாங்கின் தென்கோடியில் உள்ள கோலா பொந்தியானில் பழைய படகு ஒன்றின் எச்சம் கண்டெடுக்கப்பட்டது. (இது நம் ஜொகூரின் பொந்தியான் அன்று.) கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்கும் 5ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கணிக்கப்படும் அப்படகின் பலகைகள் பனை வகை நாரினால் கட்டப்பட்டிருந்தன. திரெங்கானு தச்சர்கள் செங்கால் மரப் பலகைகளுக்கு இடையே கெலாம் மரத்தின் பட்டையை வைத்து இறுக்கினர். நீரில் நனைந்தால் அப்பட்டை ஊதி இடுக்கை நிறைத்துவிடும். டாமார் எனும் மரப்பிசினை எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சிப் பூசுவதும் உண்டு. மலாய்க்காரர்கள் அதனை ‘காலா-காலா’ என்பர்.

தமிழர்களிடமும் இக்கலை இருந்தது. கப்பலின் இடுக்குகளை நார் திணித்து அடைக்கும் வேலைக்குக் ‘கலப்பற்று’ என்பது தமிழ்ச்சொல். அதற்குரிய உளிக்குக் கலப்பற்றுளி என்று பெயர். டாமாரைப் போன்ற பிசினை நாம் குங்கிலியம் என்கிறோம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். நம்மவர் கட்டிய மரக்கலம் அட்லாண்டிக் பெருங்கடலையே தாங்கியது. ஆனால் கலப்பற்று என்ற சொல் இன்று அகராதியில்தான் வாழ்கிறது.

கண்ணாடி வந்தபோது

மரத்தோடு மரம் சேர்ந்த இடத்திற்கு நாரும் பிசினும் போதுமானவையாக இருந்தன. கப்பலில் கண்ணாடிச் சாளரம் வைத்தபோது புதிய இடர் தோன்றியது. வெயிலில் மரம் ஒரு விதமாகவும், உலோகம் ஒரு விதமாகவும், கண்ணாடி ஒரு விதமாகவும் விரியும். அலை மோதும்போது உடற்பகுதி முழுவதும் முறுக்கிக் கொடுக்கும். சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து செய்த மக்கு நாளடைவில் கல்லாக இறுகி வெடித்துவிடும். வளைந்து கொடுத்து, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் பொருள் ஒன்று தேவைப்பட்டது.

முதலில் உலகம் வியந்தது இரப்பரை அன்று. நம் காட்டில் விளைந்த தாபான் மரத்தின் பாலை. ‘கட்டாபெர்ச்சா’ எனப்பட்ட அப்பொருளை 1840களில் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி முதலியோர் ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தனர். வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகும் தன்மையது. கடல் நீர் அதனைக் கெடுக்காது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலும், 1866இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியிலும் இடப்பட்ட தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறை. இவ்வணிகத்தால் ஜொகூர்த் தெமெங்கோங் இப்ராகிம் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆனால் பால் எடுப்பதற்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரம், ஒரே அறுவடை. சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூரில் தாபான் மரம் அரிதாயிற்று. வெட்டுவோர் ஜொகூர்க் காடுகளுக்குள் மேலும் மேலும் புகுந்தனர்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. ‘கட்டா’ என்பது மலாய்மொழியின் ‘கெத்தா’. நம் தோட்டத்துத் தமிழில் இரப்பரைக் ‘கித்தா’ என்கிறோமே, அதுவும் அதே சொல்தான். ஒரே மலாய்ச் சொல் ஆங்கிலத்தில் ஓர் உருவமும் தோட்டத் தமிழில் மற்றோர் உருவமும் எடுத்திருக்கிறது.

கித்தா மரத்தின் காலம்

இரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் வெயிலில் ஒட்டாமலும் குளிரில் நொறுங்காமலும் இருக்கும் என்பதை 1839இல் அமெரிக்கரான சார்லசு குட்இயர் கண்டறிந்தார். அதன் பிறகே இரப்பர் வளையம் இட்ட பித்தளைச் சாளரம் கப்பல்களில் இயல்வதாயிற்று. 1876இல் பிரேசிலில் இருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு விதைகள் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அங்கே 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். தாபானுக்கு நேர்ந்த கதி கித்தாவுக்கு நேராததற்கு இதுவே காரணம்.

1909இல் ஜொகூர் இரயில் பாதை நிறைவுற்றது. உட்பகுதிக் காடுகள் தோட்டங்களாக மாறுவதற்கு அது வழி திறந்தது. 1910இல் இலண்டனில் ஒரு பவுண்டு இரப்பர் 12 சில்லிங்குக்கும் மேல் விலை போயிற்று. அதே 1910இல்தான் சஞ்சிக்கூலி முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து ஆட்கள் தொடர்ந்து வந்தனர். விடியலுக்கு முன் எழுந்து, குளிர்ச்சியில் பால் நன்கு வடியும் வேளையிலேயே மரம் சீவி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் எடுத்த பால் உறைந்து, தகடாகி, புகையில் உலர்ந்து, கப்பல் ஏறியது. அக்கப்பலின் சாளரத்தைச் சுற்றியும் அதே பால் வளையமாக இருந்திருக்கக் கூடும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதுமை எய்தும் இரப்பர்

இயற்கை இரப்பருக்கு இரு பகைவர்கள் உண்டு: ஒன்று வெயில், மற்றொன்று காற்றில் உள்ள ஓசோன். இழுபட்ட நிலையில் இருக்கும் இரப்பரில் ஓசோன் குறுக்கு வெடிப்புகளை உண்டாக்கும். பழைய படகின் சாளரம் ஒழுகுவது பெரும்பாலும் இதனால்தான். 1930களில் நியோபிரீனும், 1940களில் சிலிக்கோனும், 1960களில் எத்திலீன்-புரோப்பிலீன் இரப்பரும் சந்தைக்கு வந்தன. அவை வெயிலையும் ஓசோனையும் கூடுதலாகத் தாங்குவதால், படகுச் சாளரங்களில் கித்தாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

பழுது பார்க்கும் முறையை அறிந்தால் அப்பொருளின் இயல்பும் விளங்கும். வெடித்த பட்டையின் மேலேயே புதிய பசையைப் பூசுவது வீண் வேலை. சட்டத்தைக் கழற்றி, பழைய பசை முழுவதையும் சுரண்டி, காடியைத் துடைத்து உலர்த்திய பிறகே புதிய பட்டையை இட வேண்டும். அக்ரிலிக் கண்ணாடி வெயிலில் விரியுமாதலால் திருகுத் துளைகளைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். திருகுகளைச் சமமாக, அளவோடு முடுக்க வேண்டும். மிகையாக முடுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, உள்ளே அடைப்பதற்கு எதுவும் எஞ்சாது. சில வகைப் பசைகள் அக்ரிலிக்கையே அரித்துவிடும் என்பதால் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திறந்து மூடும் சாளரமாயின் இரப்பரை நன்னீரால் கழுவி, சிலிக்கோன் மசகு தடவலாம். பெட்ரோலிய மசகு இயற்கை இரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

நமக்கு எஞ்சியது

பல இடங்களில் கித்தா மரங்கள் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டங்கள் கைமாறின, குடியிருப்புகள் கலைந்தன. பிள்ளைகள் குறைந்து பல தமிழ்ப்பள்ளிகள் தவிக்கின்றன. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைத் தேடிக் கண்டவர்கள், அந்தப் பாலை எடுத்த மனிதரைப் பேணும் வழியை அதே அக்கறையோடு தேடினார்களா? வரலாற்றுப் பாடத்தில் ரிட்லியின் பெயரைப் படிக்கும் நம் மாணவர்கள் இந்த வினாவையும் சேர்த்துக் கேட்கப் பழக வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பால் மரம் வெட்டிய முதியவர் எவரேனும் இருப்பின், அவர் கையாண்ட சொற்களை எழுதி வையுங்கள். மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால் என்று தொடங்கினால் அவரே மீதியைச் சொல்வார். கலப்பற்றை அகராதியாவது காப்பாற்றியது. தோட்டத்துச் சொற்கள் பல எந்த அகராதியிலும் ஏறவில்லை. அவற்றை அறிந்தவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.