கோழியும் நோயும் குற்றவாளியும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் நிகழும் இருபத்தைந்து நாள்களும் மச்சம் விலக்கும் இல்லங்கள் யாழ்ப்பாணத்திற் பல. விழா முடிந்ததும் கோழிக்கறி மீண்டும் அடுப்பேறுகிறது. அக்கோழி எங்கு வளர்ந்தது, எதைத் தின்று வளர்ந்தது என்று கேட்போர் மிகச் சிலர். உண்டவர் நோயுற்றால் மட்டும், “சமைத்தவர் யார்?” என்னும் கேள்வி உடனே எழுகிறது. இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைச் சற்று நோக்குவோம்.

தமிழகத்தின் கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்போன நாமக்கல்லில், 2023 செப்டெம்பரில், உணவகமொன்றிற் கோழி ஷவர்மா உண்ட பதினான்கு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். நாற்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். உணவக உரிமையாளரும் சமையற்காரர் இருவரும் கைதாயினர். ஓர் இளந்தளிர் கருகியபோது எவரேனும் பொறுப்பேற்க வேண்டுவது நியாயமே. ஆயின் பொறுப்பு சமையலறைச் சுவரோடு முடிந்துவிடுகிறதா?

கோழியுணவால் வரும் நோய்க்கிருமிகளுள் முதன்மையானவற்றுள் ஒன்று சல்மொனெல்லா. 1885இல் இவ்வினக் கிருமியைப் பிரித்தறிந்தவர் தியோபால்ட் சிமித் என்னும் உதவியாளர். அதற்கு நிலைத்த பெயரோ அவருடைய தலைவர் டானியல் சல்மனுடையது. இக்கிருமி கோழியின் குடலிற் குடியிருக்கும். கோழியோ பெரும்பாலும் நோயின் அடையாளம் எதையும் காட்டாது. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கொட்டகையில் அடைத்து வளர்க்குமிடத்துத் தீனி, நீர், எச்சம் ஆகியவற்றின் வழி அது பரவுகிறது. அதன் ஒரு வகை கோழியின் கருப்பையிலேயே தங்கி, ஓடு உடையாத முட்டைக்குள்ளும் புகுந்துவிடும். நன்கு வேகவைத்தால் அது மடியும் என்பது உண்மை. அவ்வுண்மையே பண்ணை முதலாளிகளுக்குக் கேடயமாகவும் அமைந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் பொதுச் சுகாதாரச் சங்கத்தார் வழக்கொன்று தொடுத்தனர். பச்சை இறைச்சியின்மீது அரசாங்கப் பரிசோதனை முத்திரையோடு எச்சரிக்கையும் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1974இல் நீதிமன்றம் மறுத்தது. இல்லத்தரசிகளும் சமையற்காரரும் இறைச்சியை எவ்வாறு பக்குவஞ் செய்வதென அறிவர் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. பாராட்டுப்போல் ஒலிக்கும் இச்சொல்லால், பண்ணையிற் பிறந்த பாரம் பெண்ணின் தலையில் ஏற்றப்பட்டது.

சுவீடன் வேறு வழி சென்றது. 1953இல் அல்வெஸ்டா என்னும் ஊரின் இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சல்மொனெல்லாவால் ஏறத்தாழ 9,000 பேர் நோயுற்றனர். 90 பேர் வரை மாண்டனர். அத்துயரிலிருந்து 1961இற் சட்டம் பிறந்தது. தீனி சூடாக்கித் தூய்மை செய்யப்பட்டது, மந்தைகள் பரிசோதிக்கப்பட்டன, கிருமி கண்ட மந்தை அழிக்கப்பட்டது.

இங்கிலாந்தில், 1988 டிசெம்பரில், நாட்டின் முட்டை உற்பத்தியிற் பெரும்பகுதி கிருமியுற்றது என்று துணை அமைச்சர் எட்வினா கறி கூறினார். அவர் கூற்று மிகையே. எனினும் வணிகர் கொதித்தெழ, இரு வாரத்துக்குள் அவர் பதவி துறந்தார். பத்தாண்டு கழித்து, 1998இல், கோழிகளுக்குத் தடுப்பூசியிடும் சிங்கமுத்திரைத் திட்டம் தொடங்கியது. அதன் பின் முட்டைவழி நோய் வெகுவாகக் குறைந்தது. 2017இல் அம்முத்திரை பெற்ற முட்டையைக் கருவுற்ற பெண்களும் அரைவேக்காடாக உண்ணலாம் என அந்நாட்டு உணவுத்தர நிறுவனம் அறிவித்தது. சமையற்காரர் மாறவில்லை, பண்ணை மாறியது.

நம் நிலை என்ன? பூப்பெய்திய பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் ஊட்டுவது நம்மவர் வழக்கம். இன்றைய கடைகளின் மயோனைஸும் பச்சை முட்டையும் எண்ணெயும் கலந்ததே. தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைசை ஓராண்டுக்குத் தடைசெய்தது. தடை தேவைதான், ஆயின் அது கிண்ணத்தை மூடுகிறதேயன்றிக் கூண்டைத் திறந்து பார்ப்பதில்லை. இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் விற்பனைக்கு வரும் உணவையே முதன்மையாகக் காவல் செய்கிறது.

சமையலறைத் தூய்மை வேண்டாம் என்பாரில்லை. பச்சை இறைச்சி அரிந்த கத்தி மரக்கறியைத் தொடலாகாது. கோழி உள்ளும் புறமும் வேகவேண்டும். இவற்றை மாணவர்க்குக் கற்பிப்போம். அவற்றோடு, குஞ்சு பொரிக்கும் நிலையமும் தீனி ஆலையும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்றும், மந்தையை இழக்கும் சிறு பண்ணையாளருக்கு நட்டஈடு வேண்டும் என்றும், நோயுற்ற சமையல் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஓய்வு வேண்டும் என்றும் குரல் எழுப்புவோம். கிருமியின் பாதை கூண்டிலிருந்து கோப்பை வரை நீள்கிறது. நீதியின் பாதையும் அத்துணை தூரம் செல்லவேண்டும்.