மின்சாரக் கார்: முதல் மாத விற்பனை எண்ணை எப்படிப் படிப்பது?

புதிய மின்சாரக் கார் ஒன்று சந்தைக்கு வருகிறது. ஒரு மாதம் கழித்து அதன் விற்பனை எண் வெளியாகிறது. ரொம்பக் குறைவு. உடனே உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருத்தர், "பார்த்தீங்களா, யாருக்கும் வேணாமாம்!" என்று எழுதுவார்.

கொஞ்சம் பொறுங்க. முதல் சில மாத விற்பனை எண், எத்தனை கார் வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் சொல்கிறது. எத்தனை பேர் அதை வாங்க விரும்பினார்கள் என்பது வேறு கணக்கு. அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்.

வெறும் 19 கார்களா?

2010 டிசம்பரில் இரண்டு கார்கள் அமெரிக்கச் சாலைக்கு வந்தன. ஒன்று நிசான் லீஃப். முழுக்க முழுக்க மின்சாரத்தில் ஓடுவது. மற்றொன்று ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவ்ரோலே வோல்ட். முதல் 56 கிலோமீட்டர் வரை மின்சாரத்தில் ஓடும், மின்கலன் தீர்ந்ததும் பெட்ரோல் இயந்திரம் கைகொடுக்கும்.

சாதாரணக் குடும்பங்களும் வாங்கக்கூடிய மின்சாரக் கார் என்று இரண்டையும் பற்றி உலகமே பேசியது. ஆனா அந்த டிசம்பரில் விற்ற வோல்ட் 326. லீஃப் வெறும் 19. அடுத்த மாதம் வோல்ட் 321, லீஃப் 87. பிப்ரவரியில் இரண்டுமே இன்னும் குறைந்தன: வோல்ட் 281, லீஃப் 67.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் படுதோல்வி என்றுதான் தோன்றும். ஆனா அதே லீஃப் காருக்கு, விற்பனை தொடங்குவதற்கு முன்பே, அமெரிக்காவில் 20,000 பேர் ஆளுக்கு 99 டாலர் கட்டிப் பதிவு செய்திருந்தார்கள். அந்த எண்ணிக்கையை எட்டியதும் நிசான் புதிய பதிவுகளை நிறுத்திவிட்டது.

20,000 பேர் வரிசையில். கைக்கு வந்தது 19. ஏன் இந்த இடைவெளி?

கார் எங்கே போச்சு?

நம் ஊர் பிடிஓ வீடுகளை நினைத்துப் பாருங்கள். இந்த மாதம் எத்தனை குடும்பங்கள் சாவி வாங்கின என்பதை வைத்து, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது. கட்டி முடித்த வீட்டுக்குத்தான் சாவி கிடைக்கும். காரும் அப்படித்தான்.

லீஃப் அப்போது ஜப்பானின் ஒப்பாமா ஆலையில் தயாராகி, கப்பலில் அமெரிக்கா போக வேண்டியிருந்தது. புதிய மாடல் என்பதால் ஆலை தொடக்கத்தில் மெதுவாகத்தான் இயங்கியது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் சுனாமியும் அந்த உற்பத்தியையும் பாதித்தன.

அடுத்த காரணம் இடம். லீஃப் முதலில் கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், அரிசோனா, டென்னசி ஆகிய 5 மாநிலங்களில் மட்டுமே கிடைத்தது. வோல்ட்டும் சில வட்டாரங்களில்தான் விற்பனைக்கு வந்தது. மற்ற மாநிலக்காரர்கள் பணத்தோடு கடைக்குப் போனாலும் கார் இல்லை.

அப்போ தட்டுப்பாடுதான் எல்லாவற்றுக்கும் காரணமா?

இல்லை. கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான்.

2011 முழுவதும் அமெரிக்காவில் 9,674 லீஃப் விற்றன. 2012இல் 9,819. தொடக்ககாலத் தட்டுப்பாடு தளர்ந்த பிறகும் விற்பனை அசையவில்லை. வோல்ட் 2011இல் 7,671 விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் வைத்த இலக்கு 10,000. ஆனா 2012இல் வோல்ட் 23,461க்கு எகிறியது.

லீஃப் ஏன் தேங்கியது? ஒருமுறை மின்னூட்டினால் அது ஓடும் தூரம், அமெரிக்க அரசாங்கக் கணக்கின்படி, 117 கிலோமீட்டர்தான். சிங்கப்பூரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்ப அது போதும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளுக்குப் போதாது. வோல்ட்டில் பெட்ரோல் இயந்திரம் இருந்ததால் அந்தப் பயம் இல்லை.

விலையும் ஒரு காரணம். 2013 தொடக்கத்தில் நிசான் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலேயே லீஃப் தயாரிக்கத் தொடங்கியது. குறைந்த வசதிகளோடு ஒரு புதிய ரகத்தையும் கொண்டுவந்தது. தொடக்க விலை 35,200 டாலரிலிருந்து 28,800 டாலருக்கு இறங்கியது. அந்த ஆண்டு 22,610 லீஃப் விற்றன. முந்தைய ஆண்டைவிட இருமடங்குக்கும் மேல்.

ஆக, முதல் சில மாதங்களில் எண்ணைத் தீர்மானித்தது உற்பத்தி. அதற்குப் பிறகு தீர்மானித்தது விலையும் ஓடும் தூரமும்.

பதிவு செய்தவர்கள் எல்லாரும் வாங்குவார்களா?

அதுவும் இல்லை. 2016 மார்ச் 31 அன்று டெஸ்லா, மாடல் 3 காரை அறிமுகம் செய்தது. ஒரே வாரத்தில் சுமார் 325,000 பேர் ஆளுக்கு 1,000 டாலர் கட்டிப் பதிவு செய்தார்கள். ஆனா 2017 ஜூலை முதல் செப்டம்பர் வரை டெஸ்லா தயாரித்த மாடல் 3 வெறும் 260. வாரத்துக்கு 5,000 கார் என்ற இலக்கை 2017 முடிவுக்குள் எட்டுவதாகச் சொன்னது. உண்மையில் எட்டியது 2018 ஜூன் கடைசியில்.

இன்னொரு பக்கம், 2017 ஆகஸ்ட்டுக்குள் சுமார் 63,000 பேர் பதிவை ரத்து செய்திருந்தார்கள். திரும்பக் கிடைக்கும் முன்பணம் ஒரு விருப்பம்தான், வாக்குறுதி அல்ல. அதனால் விற்பனை எண்ணை மட்டும் நம்புவது எப்படித் தவறோ, பதிவு எண்ணை மட்டும் நம்புவதும் அப்படியே தவறு.

சிங்கப்பூரில் எதைப் பார்க்க வேண்டும்?

இங்கே கார்களின் மொத்த எண்ணிக்கையை வாகன உரிமைச் சான்றிதழ் முறை கட்டுப்படுத்துகிறது. அதனால் எத்தனை கார் விற்றது என்பதைவிட, புதிய கார்களில் மின்சாரக் கார்களின் பங்கு எவ்வளவு என்பதே பயனுள்ள கணக்கு. 2020இல் அது 1 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2023இல் சுமார் 18 விழுக்காடு. 2024இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2020இன் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டியிருந்தால், இந்த மாற்றத்தை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

அடுத்தமுறை ஒரு விற்பனை எண் உங்கள் திரையில் வந்தால், இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்:

1. அந்த மாதம் எத்தனை கார் தயாரானது?

2. எந்தெந்த இடங்களில் விற்பனைக்கு வந்தது?

3. எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் ரத்து செய்தார்கள்?

4. கார் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு விற்பனை கூடியதா, தேங்கியதா?

முதல் மூன்றுக்கும் பதில் சீக்கிரமே கிடைத்துவிடும். நான்காவதுக்குக் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஒரு கார் மக்களுக்குப் பிடித்ததா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும்.