நீல நிறத் துவாரத்தின் கதை



ஆராதனைப் பதிவை வீட்டில் வைத்துத் தொகுப்பதற்காக, ஆலயத்துக் கணினியிலிருந்து தம்ப் டிரைவில் எடுத்துப்போவது பல சபைகளில் வழக்கம். அந்த நேரத்தில்தான் கணினி நம் பொறுமையைச் சோதிக்கும். "இன்னும் 1 மணி 40 நிமிடம்" என்று திரை காட்டும். கதவைப் பூட்ட ஒருவர் சாவியோடு காத்திருப்பார். அவசரத்தில் யாராவது டிரைவைப் பிடுங்கிவிட்டால், வீட்டில் போய்ப் பார்க்கும்போது கோப்பு திறக்காது. பிரசங்கமாக இருந்தால் அடுத்த வாரமும் ஒன்று உண்டு. ஆனால் 90 வயதுத் தாத்தா ஒருவர் தம் வாழ்க்கைச் சாட்சியைச் சொன்ன பதிவு கெட்டுப்போனால் அதை மறுபடி எடுக்க முடியுமா?

"இந்த யுஎஸ்பி ஏன் இப்படி நகர்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் அதன் வரலாற்றில் இருக்கிறது. கணினியின் பின்புறத்தில் இருக்கும் அந்தச் சிறு துவாரத்துக்குள் நான்கைந்து காலகட்டங்கள் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

ஏழு நிறுவனங்கள், ஒரே செருகி

1990களின் தொடக்கத்தில் கணினி வாங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விசைப்பலகைக்கு ஒரு வட்டத் துவாரம், மவுஸுக்கு இன்னொன்று, பிரிண்டருக்கு 25 ஊசிகள் கொண்ட அகலமான துவாரம், மோடத்துக்கு வேறொன்று. புதிதாக எதையாவது மாட்டினால் கணினியை அணைத்துப் போட வேண்டும். பல நேரங்களில் பெட்டியைத் திறந்து அட்டை செருகவும் வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட 1994-ல் காம்பாக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல் என்ற ஏழு நிறுவனங்கள் கூடின. இன்டெலில் இந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அஜய் பட். குஜராத்தின் வதோதராவில் படித்து அமெரிக்கா சென்ற பொறியாளர். வீட்டில் பிரிண்டரை இணைக்கப் பட்ட பாடுதான் தம்மைச் சிந்திக்கவைத்தது என்று பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். இந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமத்தொகை கேட்பதில்லை என்று இன்டெல் முடிவெடுத்ததால் சிறிய நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த முடிந்தது.

முதல் யுஎஸ்பி விதிமுறை 1996 ஜனவரியில் வெளியானது. அதில் இரண்டு வேகங்கள் இருந்தன. மவுஸ், விசைப்பலகைக்கு நொடிக்கு 1.5 மெகாபிட். மற்றவற்றுக்கு 12 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். 12 மெகாபிட் என்பது காகிதக் கணக்கில் 1.5 மெகாபைட், நடைமுறையில் ஏறத்தாழ 1 மெகாபைட்தான் கிடைக்கும். அன்றைக்கு அது தாராளம். ஒரு ஃபிளாப்பி தட்டில் அடங்கியதே 1.44 மெகாபைட் அல்லவா?

தொடக்கம் சுலபமாக இல்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே, விண்டோஸ் 98-ஐ விளக்கிக் காட்டியவர் ஒரு ஸ்கேனரை யுஎஸ்பியில் செருகினார். உடனே திரை நீலமாகிக் கணினி முடங்கியது. அரங்கமே சிரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிள் தன் ஐமேக்கில் ஃபிளாப்பியையும் பழைய துவாரங்களையும் நீக்கிவிட்டு யுஎஸ்பியை வைத்தது. அதன் பிறகு பிரிண்டர், ஸ்கேனர் செய்பவர்கள் எல்லாரும் யுஎஸ்பி பக்கம் திரும்பத் தொடங்கினார்கள்.

சிங்கப்பூரின் பங்கு

2000-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஏப்ரலில் யுஎஸ்பி 2.0 வந்தது. வேகம் 12-லிருந்து 480 மெகாபிட், அதாவது 40 மடங்கு. அதே ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் "தம்ப்டிரைவ்" என்ற பெயரில் கட்டைவிரல் அளவுச் சேமிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஊரெல்லாம் பென் டிரைவ் என்றாலும், தம்ப் டிரைவ் என்ற பெயர் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியதுதான். இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்த கருவியையும் ஐபிஎம் அதே ஆண்டு விற்றது. அதன் கொள்ளளவு 8 மெகாபைட். இன்று ஒரு நல்ல கைப்பேசிப் படம் இரண்டை வைத்தால் அது நிரம்பிவிடும். முதலில் கண்டுபிடித்தது யார் என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது.

பிறகு 2008 நவம்பரில் யுஎஸ்பி 3.0 வெளியானது: நொடிக்கு 5 கிகாபிட். பழைய செருகியில் நான்கு தொடுமுனைகள் இருந்தன. புதியதில் ஐந்து கூடி ஒன்பது ஆயின. அடையாளத்துக்காகத் துவாரத்தின் உள்ளே நீல நிறம் பரிந்துரைக்கப்பட்டது. 2013-ல் 10 கிகாபிட், 2017-ல் 20, 2019-ல் யுஎஸ்பி4 வழியாக 40 என வேகம் ஏறிக்கொண்டே போனது. 2014-ல் எந்தப் பக்கமும் செருகக்கூடிய டைப்-சி வடிவமும் வந்தது.

பலவீனனுக்காக நடையைக் குறைத்தல்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேகமல்ல. ஒவ்வொரு முறையும் புதியது பழையதைக் கைவிடவில்லை. 1998-ல் வாங்கிய மவுஸை இன்றைய கணினியில் செருகினாலும் அது வேலை செய்யும்.

ஏசா தன் 400 பேரோடு வந்து, "சேர்ந்து போவோம்" என்று அழைத்தபோது யாக்கோபு என்ன செய்தான்? பிள்ளைகள் இளையவர்கள், மந்தை பால்கொடுக்கும் மந்தை, அவர்களுடைய கால்நடைக்குத் தக்கபடி மெதுவாக வருகிறேன் என்று சொன்னான். யுஎஸ்பியும் ஏறத்தாழ அப்படித்தான். யுஎஸ்பி 2.0 கருவி ஒன்றைச் செருகியதும், அது முதலில் "நான் 12 மெகாபிட் கருவி" என்றே அறிமுகம் ஆகிறது. பிறகு ஒரு சிறு சமிக்ஞை கொடுத்து, "இன்னும் வேகமாகவும் போவேன்" என்கிறது. கணினி மறுமொழி கொடுத்தால் 480-க்கு ஏறும். கொடுக்காவிட்டால் 12-லேயே நிற்கும். யுஎஸ்பி 3.0-ல் புதிய ஐந்து முனைகளின் வழியே இணைப்பு சரிவராவிட்டால், பழைய நான்கின் வழியே 2.0 வேகத்தில் ஓடும்.

இந்த நல்ல குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. கேபிள் பழுதானாலும், தவறான துவாரத்தில் செருகினாலும் யுஎஸ்பி பெரும்பாலும் "வேலை செய்யவில்லை" என்று சொல்வதில்லை. சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உடம்பில் காய்ச்சல் எப்படி நோய் அல்லாமல் நோயின் அறிகுறியோ, இங்கே மந்தம் அப்படி. வெப்பமானியைப் படிப்பதுபோல அந்த வேகத்தின் எண்ணைப் படிக்க வேண்டும்.

எண் சொல்லும் காலம்

விண்டோஸில் கோப்பு நகலாகும்போது "கூடுதல் விவரங்கள்" என்பதை அழுத்தினால் நொடிக்கு எத்தனை மெகாபைட் என்று தெரியும். நகலாக்குவது 60 ஜிபி காணொளி என்று வைத்துக்கொள்வோம்.

எண் 1 மெகாபைட் அளவில் இருந்தால் நீங்கள் 1998-ல் இருக்கிறீர்கள். 60 ஜிபிக்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இணைப்பு 12 மெகாபிட்டில் நின்றுவிட்டது. கேபிளையும், நடுவில் இருக்கும் ஹப்பையும் முதலில் சந்தேகியுங்கள்.

30 முதல் 40 மெகாபைட்டில் நிலையாக நின்றால் அது 2000-ஆம் ஆண்டு. ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். யுஎஸ்பி 2.0-இன் நடைமுறை வரம்பு இதுதான். டிரைவ் 3.0 என்றால், துவாரமோ கேபிளோ பழையது. டெஸ்க்டாப் கணினியின் முன்புறத் துவாரங்கள் ஒரு உள்கேபிள் வழியாகத்தான் தாய்ப்பலகைக்குப் போகின்றன. பின்புறத் துவாரங்கள் பலகையிலேயே பதிந்தவை. ஆகவே பின்புறம் இருக்கும் நீலத் துவாரத்தில் மாட்டிப் பாருங்கள். எல்லா நிறுவனங்களும் நீலம் வைப்பதில்லை என்பதால் கணினியின் கையேட்டையும் பார்ப்பது நல்லது. செருகியை மிக மெதுவாக உள்ளே தள்ளினால் 2.0 வேகத்தில் இணைந்துவிடுவதும் உண்டு. எடுத்துவிட்டு ஒரே மூச்சில் செருகுங்கள். கைப்பேசியோடு வரும் டைப்-சி சார்ஜ் கேபிள்கள் பலவற்றில் 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். வடிவம் புதியது, உள்ளம் பழையது!

100 மெகாபைட்டைத் தாண்டினால் 2008-க்குப் பிந்தைய இணைப்பு வேலை செய்கிறது. 400 மெகாபைட் கிடைத்தால் 60 ஜிபி இரண்டரை நிமிடத்தில் முடியும். ஆனால் எதிர்ப்பக்கத்துக் கருவியும் அந்த வேகத்தில் எழுத வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் பொதுவாக 100 முதல் 150-க்குள் நின்றுவிடும்.

நீலத் துவாரம், நல்ல கேபிள், ஆனாலும் 10 மெகாபைட்தானா? அப்படியானால் குற்றம் இணைப்பில் இல்லை. மலிவான தம்ப் டிரைவின் நினைவகமே அந்த வேகத்தில்தான் எழுதும். தொடக்கத்தில் சொன்ன 1 மணி 40 நிமிடம் இந்தக் கணக்குதான். முதலில் வேகமாக ஓடிப் பிறகு சரிந்தால், டிரைவுக்குள் இருக்கும் சிறிய வேகப் பகுதி நிரம்பிவிட்டது என்று பொருள். ஆயிரக்கணக்கான சின்னப் படங்களை ஒவ்வொன்றாக நகலெடுத்தாலும் வேகம் விழும். அவற்றை ஒரே ஸிப் கோப்பாகக் கட்டி அனுப்பினால் முன்னேற்றம் தெரியும்.

பெயரில் வந்த குழப்பம்

கடையில் நாம் ஏமாறுவதற்கும் வரலாறு உண்டு. 480 மெகாபிட்டுக்கு "ஹை-ஸ்பீடு" என்று பெயர் வைத்தார்கள். 12 மெகாபிட்டுக்கோ "ஃபுல் ஸ்பீடு" என்ற பழைய பெயர் அப்படியே இருந்தது. முழு வேகம் என்று வாசித்தவர் எதை வாங்கியிருப்பார்? பிறகு 3.0-க்கு "3.1 ஜென் 1" என்றும், "3.2 ஜென் 1" என்றும் பெயர் மாறியது. ஒரே 5 கிகாபிட்டுக்கு மூன்று பெயர்கள். 2022-ல்தான் வேகத்தையே எண்ணாக அச்சிடும் எளிய முத்திரைகளுக்கு வந்தார்கள். ஆகவே கடையில் 3.2 என்ற எழுத்தை நம்ப வேண்டாம். 5, 10, 20, 40 என்ற கிகாபிட் எண்ணைக் கேளுங்கள். தம்ப் டிரைவ் என்றால் "எழுதும் வேகம் எவ்வளவு?" என்றும் கேளுங்கள், உறையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வாசிக்கும் வேகம்.

வாலிபருக்கு ஒரு வேலை

நம் வீடுகளின் இழுப்பறைகளில் பழைய தம்ப் டிரைவுகள் கிடக்கின்றன. பாட்டியின் ஜெபம், கிறிஸ்துமஸ் நாடகம், ஊருக்குத் திரும்பிப்போன குடும்பங்களின் பாடல் என்று எத்தனையோ அவற்றில் இருக்கலாம். தம்ப் டிரைவ் என்றென்றும் காக்கும் பெட்டகம் அல்ல. அதன் செல்களில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் காலப்போக்கில் கசியும். இந்த விடுமுறையில் இரண்டு பேர் சேர்ந்து உட்காருங்கள். ஒவ்வொன்றையும் கணினியில் நகலெடுத்து, வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாம் பிரதி வையுங்கள். பழைய டிரைவ் மெதுவாகத்தான் வரும், வரட்டும். கோடு முழுவதும் நிரம்பிய பிறகும் "பாதுகாப்பாக அகற்று" என்பதை அழுத்திவிட்டே எடுங்கள். எடுத்த பதிவைத் திறந்து கடைசி நிமிடம் வரை ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

மூத்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே இதைச் செய்தால், அந்தப் படத்தில் இருப்பவர் யார், அது எந்த ஆண்டு என்று கேட்டு எழுதிவைக்கலாம். கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக.